குளியல்கூடத்து நடுச்சுவர்

பொக்லைன் ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, புங்கமரத்தடியில் குந்தியிருந்தார். காலை ஆறே கால் மணி இருக்கும். மாசிப் பனி குளத்தின் மேல் இன்னும் விலகவில்லை. என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் எழுந்து நின்று, கட்டடத்துக்குள் ஆள் இருப்பதாகச் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டேன்.

“தெரியலைங்க மேடம். பொம்பளைங்க குளிக்கிற எடம், எட்டிப் பாக்க முடியாது. நாலு தடவ ஆரன் அடிச்சேன். உள்ள சிரிக்கறாங்க.”

எனக்கும் கேட்டது. சிரிப்பு மட்டுமல்ல, கல்லில் துணி அடிக்கும் சத்தம், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம், தண்ணீர் வாரி இறைக்கும் சத்தம். யாருமே புழங்காத கட்டடம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட கட்டடத்திலிருந்து அத்தனை சத்தமும் வந்துகொண்டிருந்தது.

அப்போது நான் அந்தப் பேரூராட்சியின் செயல் அலுவலர். கரையில் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், ஓட்டுநர், எங்கள் ஆட்கள் இரண்டு பேர் என எல்லோரும் ஆண்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். உள்ளே போகக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

போனேன்.

வாசலில் கதவு கிடையாது. இடுப்பை ஒடித்துத் திரும்புகிற மாதிரி ஒரு குறுக்குச் சுவர். அதைச் சுற்றி நுழைந்தால் நீளமான ஓட்டுக் கூரை, அதன் கீழே தண்ணீருக்குள் இறங்கும் படிகள். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். குளத்துப் பக்கச் சுவர் தண்ணீருக்குள்ளேயே எழும்பி நின்றது. அதன் அடியில் மடைபோல் துவாரங்கள் விட்டிருந்ததால் குளத்துத் தண்ணீர் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. ஓட்டின் இடுக்கில் விழுந்த வெளிச்சத்தில் முப்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். மஞ்சளும் சீயக்காயும் சோப்பும் கலந்த வாசனை.

யாரும் பதறவில்லை. முகமெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டிருந்த வயதான பெண் ஒருவர் என் காலைப் பார்த்தார்.

“செருப்ப வெளிய விட்டுட்டு வாங்கம்மா.”

அவர் பெயர் அஞ்சலை. அன்றைக்கு நான் செருப்பை வெளியே விட்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வாரக் கதை.

ஈரத் தரை

சென்ற வாரம் எழுதிய குப்பைக் கிடங்கு விவகாரத்தைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார், முப்பது வருட வேலையில் நீங்கள் தவறே செய்ததில்லையா என்று. செய்திருக்கிறேன். பெரியது இதுதான்.

வெண்ணாற்றுப் பாசனத்தில், கூத்தாநல்லூரிலிருந்து அதிக தூரமில்லாத சின்ன ஊர் அது. ஊரின் நடுவே நல்லாங்குளம். பெயர்தான் குளம், ஏரி என்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அக்கரையில் நிற்கிற மாடு ஆடு மாதிரித் தெரியும். ஆற்றில் தண்ணீர் வந்த பத்தாம் நாள் வாய்க்கால் வழியாகக் குளத்துக்குள் நுழைந்துவிடும். பிறகு பங்குனி வரை வற்றாது.

நான் பொறுப்பேற்ற சில மாதங்களில் குளத்தைச் சுற்றிப் பூங்கா அமைக்க அரசின் அனுமதி வந்தது. நடைபாதை, விளக்குகள், குழந்தைகளுக்கு ஊஞ்சல், கரையில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை. எனக்கு அதில் முழு சம்மதம். சாயங்காலம் நடக்க இடமில்லாமல் பெருமாள் கோயில் மதிலைச் சுற்றி நடக்கிற சர்க்கரை நோயாளிகளை நானே பார்த்திருக்கிறேன்.

வரைபடத்தில் நடைபாதை மேலக்கரையில் இருந்த பழைய கட்டடத்தின் மேல் நேராகப் போனது. இடிப்பதற்கு முன் அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும். ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த வாரத்தில் போனேன். காலை பதினொரு மணி. உள்ளே யாருமில்லை. ஒரு நாய் படுத்திருந்தது. தரை முழுக்க ஈரம். கூரை ஒழுகுகிறது, கட்டடம் பயன்பாட்டில் இல்லை என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினேன். அதை எழுத எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கூரை ஒழுகவில்லை. காலையில் அறுபது எழுபது பெண்கள் குளித்துவிட்டுப் போன ஈரம் அது. தஞ்சாவூரில் குழாயடியிலும் குளியலறையிலும் வளர்ந்தவள் நான். பதினொரு மணி குளத்தில் குளிக்கிற நேரமே இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. வயலுக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போய்விடுவார்கள். திரும்ப நாலு மணிக்கு மேல் சேறும் வியர்வையுமாக வருவார்கள். நடுவில் அந்த இடம் நாய்க்குத்தான்.

மாசி மாத அந்தக் காலையில், படியில் நின்றபடி, இன்றைக்கு இந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறோம் என்று நான் சொன்னபோது சிரிப்பு நின்றது. அஞ்சலை முகத்து மஞ்சளைக் கழுவிவிட்டு நிமிர்ந்தார்.

“இடிச்சிட்டு நாங்க எங்க குளிக்கறதுன்னு எழுதியிருக்கீங்க?”

எழுதவில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன். வெளியே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மேற்பார்வையாளர் அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டார். அவருடைய நோட்டை வாங்கி, பொக்லைன் முன் சக்கரத்தின் மேல் வைத்து எழுதிக் கொடுத்தேன்.

ரேடியோ பூங்கா

அந்த வாரம் முழுக்க அலுவலகத்துப் பழைய பீரோவில் இருந்த தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினேன். கரையான் தின்றது போக மிச்சமிருந்ததில் பாதிக் கதை கிடைத்தது. மீதியை அஞ்சலையும் அவர் வயதுப் பெண்களும் சொன்னார்கள்.

நாங்கள் போடவிருந்தது நல்லாங்குளத்தின் முதல் பூங்கா இல்லை. ஊருக்கு மின்சாரம் வந்த புதிதில் அங்கே ஒரு பூங்கா இருந்திருக்கிறது. பெரிய மிராசுதார் வீட்டில் மேலக்கரையை எழுதிக் கொடுக்க, பஞ்சாயத்தார் புங்கன்கன்று வைத்து, கல்பெஞ்சு போட்டு, நடுவில் சின்னக் கூண்டு கட்டி ரேடியோ வைத்தார்கள். ஒலிபெருக்கியில் சாயங்காலம் செய்தி வரும், விலை நிலவரம் வரும், பாட்டு வரும். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அங்கேதான். இன்றைக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கு அது ரேடியோ பூங்காதான்.

அந்தக் கரையில்தான் காலங்காலமாகப் பெண்கள் சாயங்காலம் குளித்துக்கொண்டிருந்தார்கள். பூங்கா வந்ததும் அவர்களுக்குக் கரை போயிற்று. நடவு நட்டுவிட்டு இடுப்புவரை சேற்றோடு வருகிறவர்கள், ஆண்கள் எழுந்து போகும்வரை வேலி ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்களாம். உட்கார்ந்தபடி அவர்களும் செய்தி கேட்பார்கள். இருட்டிய பிறகு இறங்குவார்கள். படி தெரியாது, பாம்பு தெரியாது. ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அப்படி இறங்கி வழுக்கி விழுந்து, வயிற்றிலிருந்த பிள்ளை போனது.

அவளைப் பார்த்தவர் ஊர் மகப்பேறு நிலையத்து நர்ஸ். ஸ்டெல்லா என்று பெயர். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், தனியாக வந்து தங்கியிருந்தவர், குள்ளமாக இருப்பாராம். மறுநாள் சாயங்காலம் வெள்ளைச் சேலையோடு நேராகப் பூங்காவுக்குள் நடந்து போய், ரேடியோவை அணைக்கச் சொல்லியிருக்கிறார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கூண்டுக்காரர் பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஒன்றும் சொல்லாததால் அணைத்துவிட்டார்.

வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தியின் மடியில் சின்னப் பெண்ணாக அஞ்சலை இருந்திருக்கிறார். நர்ஸம்மா பேசியது அவருக்கு நினைவிருக்கிறதா, பிறகு அம்மா சொல்லிக் கேட்டதா என்று அவருக்கே நிச்சயமில்லை. ஆனால் வார்த்தை மாறாமல் சொன்னார்.

“உங்க புள்ளைங்க எல்லாரும் என் கையில பொறந்ததுங்க. நேத்து ஒண்ணு பொறக்காமலே போயிருச்சு. தெனம் சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்க எந்திரிச்சுப் போங்க. இல்லன்னா இவங்களுக்கு நாலு செவுரு கட்டிக் குடுங்க.”

ஆண்கள் யோசித்தார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் எழுந்து போவதைவிடக் கட்டடம் கட்டுவது சுலபம் என்று அவர்களுக்குத் தோன்றியது. அடுத்த தை மாதமே வேலை தொடங்கியிருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் “ஸ்திரீகள் ஸ்நானக் கட்டடம்” என்று இருக்கிறது. ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. குளியல்கூடம் என்றுதான் பேர்.

நர்ஸம்மா கேட்டது கிடைத்தது, ஒன்றைத் தவிர. அவர் கேட்டது ஒரு வாசல். கட்டியவர்கள் இரண்டு வாசல் வைத்தார்கள். வடக்கு வாசல் மேலத்தெருப் பெண்களுக்கு, தெற்கு வாசல் காலனிப் பெண்களுக்கு. உள்ளே நடுவில், படியிலிருந்து தண்ணீருக்குள் வரை, கூரையைத் தொடும் சுவர். குளம் வடக்குப் பக்கம் ஆழம். கோடையில் தெற்குப் பக்கத்துக்குக் கணுக்கால் தண்ணீர்தான் மிஞ்சும். நர்ஸம்மா திறப்பு நாளுக்கு வரவில்லை. கலெக்டருக்கு எழுதிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சில வருடத்தில் மாற்றலாகிப் போனார்.

அந்த இடம் வந்தபோது நான் அஞ்சலையைக் கேட்டேன். நான் உள்ளே போன அன்று நடுவில் சுவரே பார்க்கவில்லையே, முழங்கால் உயரத்தில் துணி வைக்கிற மேடைதானே இருந்தது என்று.

அஞ்சலை தண்ணீரில் காலை ஆட்டியபடி, ஆமாம், அதை நாங்கள்தான் கட்டினோம் என்றார்.

தீர்ந்துபோன செங்கல்

அஞ்சலை காலனிக்காரர், சித்தாள். அவர் புருஷன் முருகையன் கொத்தனார். இருவரும் ஒரே வேலைக்குத்தான் போவார்கள். அவர் பூசுவார், இவர் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுப்பார். கல்யாணமாகி ஐந்தாறு வருடம் ஆகியிருந்த சமயம். ஒரு கார்த்திகை அடைமழையில் குளியல்கூடத்தின் நடுச்சுவர் ஊறிச் சரிந்து விழுந்துவிட்டது. கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் மட்டும்தான், அதுவும் தண்ணீருக்கு மேலிருந்த பகுதி.

பஞ்சாயத்தில் மறுபடி கட்டச் சொல்லி உத்தரவானது. வேலையை எடுத்த மேஸ்திரி முருகையனை அனுப்பினார். பெண்கள் வராத மதிய நேரத்தில், மூன்று நாளில் முடிக்க வேண்டும். செங்கல்லைக் கரையில் குவித்துவிட்டு மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் மதியம் சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. அதற்கு மேல் அஞ்சலை சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

“கூடையக் கவுத்துப் போட்டுட்டு அது மேல உக்காந்தேன். கல்லு தீந்துபோச்சுன்னேன். அவரு வெளிய எட்டிப் பாத்தாரு. குவியலாக் கெடக்கு. என் மொகத்தப் பாத்தாரு. அப்பறம் கலவைய எடுத்து மேல வழிச்சுப் பூசி, மட்டம் பாத்து, ஓரத்த உருட்டி விட்டாரு. துணி வெச்சா கிழியக் கூடாதுல்ல.”

பயமாக இல்லையா என்று கேட்டேன். இருந்தது என்றார். மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மேஸ்திரி கேட்டால் என்ன சொல்வது என்று முருகையனிடம் கேட்டதற்கு, அவர் உள்ளே வந்து பார்க்கவா போகிறார் என்றாராம்.

அதுதான் நடந்தது. உள்ளே சுவர் எழும்பியதா என்று எந்த ஆணும் போய்ப் பார்க்க முடியாது. மேஸ்திரி வெளியே நின்று முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றார் முருகையன். மிச்சமிருந்த கல்லைப் பூங்காவில் சாய்ந்திருந்த பெஞ்சுகளுக்கு அடியில் முட்டுக்கொடுத்துத் தீர்த்தார்கள்.

இனி பெண்கள்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை மேலத்தெருப் பெண்கள் வடக்கு வாசல் வழியாக வந்தார்கள், பார்த்தார்கள். காலனிப் பெண்கள் தெற்கு வாசல் வழியாக வந்தார்கள், பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் எல்லோரும் அவரவர் பக்கத்துச் சுவர் ஓரமாகவே ஒட்டிக்கொண்டு, திரும்பி நின்று குளித்தார்களாம். மூன்றாம் நாள் மேலத்தெருவில் ஒரு வீட்டு மருமகள், கைக்குழந்தைக்காரி, குழந்தையை ஈரத்தில் கிடத்த முடியாமல் அந்த மேடையில் கிடத்தினாள். அது உருண்டது. தெற்குப் பக்கம் நின்ற ஒருத்தி கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். இவள் குளித்து முடிக்கும்வரை அவளே வைத்திருந்தாள்.

அந்தக் கோடையில் தெற்குப் பக்கம் தண்ணீர் வற்றியபோது காலனிப் பெண்கள் மேடையைத் தாண்டி வடக்குப் பக்கம் வந்தார்கள். முணுமுணுப்பு இருந்தது. ஒரு வீட்டுக்காரர்கள் குளியல்கூடத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் யாரும் வீட்டில் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் ஆண்கள் இன்னொரு கொத்தனாரை அனுப்புவார்கள், கட்டி முடிக்கும்வரை நிம்மதியாகக் குளிக்க முடியாது. பிறகு பள்ளிவாசல் தெருப் பெண்களும் வெள்ளிக்கிழமைகளில் வரத் தொடங்கினார்கள். வடக்கு வாசல்தான் தெருவுக்குப் பக்கம். எல்லோரும் அதன் வழியாகவே வந்து போக, தெற்கு வாசலில் எருக்கு முளைத்து மூடிக்கொண்டது.

இதைக் கேட்டுவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பியபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகியிருந்தது. இந்தக் கட்டடத்தை நான் இடிக்க விடப்போவதில்லை.

தலைவரின் கேள்வி

நினைத்தால் போதாது. கோப்பில் வழி வேண்டும். பேரூராட்சித் தலைவர் நல்ல மனிதர். அரிசி ஆலை வைத்திருந்தார், அறுபதைத் தாண்டியவர், யாரையும் அதட்ட மாட்டார். பூங்கா அவருடைய கனவு. மந்திரி தேதி கொடுத்துவிட்டார், இந்த நேரத்தில் வரைபடத்தை மாற்றினால் திட்டமே கைநழுவிப் போகும் என்று வருத்தப்பட்டார். பழைய கட்டடம் நாளைக்கு இடிந்து விழுந்து யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. பொறியாளரை வரவழைத்துச் சோதிக்கச் சொன்னேன். மதியத்தில் அவர் போய்த் தட்டிப் பார்த்து, சுண்ணாம்புக் கட்டு உறுதியாக இருக்கிறது, கூரைச் சட்டங்களை மட்டும் மாற்றினால் போதும் என்று சான்று எழுதினார்.

அடுத்து என் குறிப்பு. “எனது முந்தைய ஆய்வுக் குறிப்பு தவறு. கட்டடம் தினமும் பயன்பாட்டில் உள்ளது. தரையில் இருந்தது குளித்தவர்களின் ஈரம்” என்று எழுதினேன். தலைமை எழுத்தர் பதறிப்போனார். தவறு என்ற சொல் வேண்டாம், மறு ஆய்வில் தெரியவருகிறது என்று போட்டுக்கொள்ளலாம், மேலே உங்களைக் கேள்வி கேட்பார்கள் என்றார். கேட்கட்டும் என்றேன். அவர் சொன்னது மாதிரியே விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த வருடம் அது.

தலைவருக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. அதைச் சொல்ல அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

“உள்ள நடுவுல செவுரு இருக்கும் மேடம். ரெண்டு வாசல். மந்திரி வர்ற எடத்துல பத்திரிகைக்காரன் அதப் படம் புடிச்சா ஊருக்கே அசிங்கம். அதுக்குத்தான் நான் இடிக்கச் சொல்றேன்.”

நான் அவரை ஒரு கணம் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். சுவர் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள் என்றேன். மறுநாள் அவரே வந்தார். அவருடைய அக்கா அவர் வீட்டிலேயே இருப்பவர், சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். அவரைக் கேட்டிருக்கிறார். அக்கா உளுந்து புடைத்துக்கொண்டே, அது விழுந்து நாற்பது வருடமாகிறது, இப்போதுதான் கேட்கத் தோன்றியதா என்றாராம். தாங்கள் எல்லோரும் சேர்ந்து குளிப்பதாகவும், நேற்றுத் தன் முதுகைத் தேய்த்துவிட்டது அஞ்சலைதான் என்றும் சொல்லியிருக்கிறார்.

“எங்கக்கா என்கிட்ட எதையும் மறச்சதில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார் தலைவர். எழுந்து போனார்.

இருமல்

வரைபடத்தை மாற்ற மன்றத்தின் தீர்மானம் வேண்டும். பதினைந்து உறுப்பினர்களில் எட்டுப் பேர் பெண்கள். எண்ணிக்கையைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். நான் வேலை பார்த்த பல ஊர்களில் பெண் உறுப்பினரின் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி உண்டு, கணவருக்கு. சீர்காழிப் பக்கம் ஓர் ஊரில் கணவரே கையெழுத்துப் போட வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கதை தனி.

இங்கே ஏழாவது வார்டு உறுப்பினர் வசந்தா. அவருடைய கணவர் கூட்ட அறைக்குள் வரமாட்டார், விதி தெரிந்தவர். ஜன்னலுக்கு வெளியே நின்று இருமுவார். ஒரு தடவை இருமினால் வசந்தா கையெழுத்துப் போடுவார். இரண்டு தடவை இருமினால் பேனாவை மூடிவிடுவார். அதுவரை அவர் குரலை நான் கேட்டதேயில்லை.

எட்டுப் பெண் உறுப்பினர்களுக்கும் கள ஆய்வு என்று நோட்டீஸ் அனுப்பினேன். இடம் குளியல்கூடம், நேரம் காலை ஆறு மணி. எட்டுப் பேரும் வந்தார்கள். கணவர்கள் பொக்லைன் நின்றிருந்த புங்கமரத்தடிவரை வந்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வழியில்லை.

உள்ளே வழக்கம்போல் கூட்டம். நான் படியில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். இந்த இடம் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டேன். காலனிப் பெண்கள் முதலில் சொன்னார்கள். வீட்டில் ஓலைத் தட்டிதான் குளியலறை, நாலு குடம் தண்ணீருக்குக் குழாயில் சண்டை. இது நான் எதிர்பார்த்தது. வசந்தா பேசுவார் என்று எதிர்பார்க்கவில்லை. அவருடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீடு முழுக்கப் பளபளக்கிற கல் பதித்து, வெந்நீர்க் குழாயோடு குளியலறை கட்டிக் கொடுத்திருக்கிறான். ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் இங்கே வருகிறார். ஏன் என்று யாரோ கேட்டார்கள்.

“வீட்டுல கதவச் சாத்துனா அஞ்சு நிமிசத்துல தட்டுவாங்க. சட்ட எங்க, சாவி எங்கன்னு. நாப்பது வருசமாத் தட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. இங்க யாரும் தட்ட முடியாது.”

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. பக்கத்திலிருந்த இன்னொரு உறுப்பினர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எழுதிக்கொண்டேன். என் கண் கலங்கியது எழுத்து கலைந்ததில் தெரிந்திருக்கும்.

மன்றக் கூட்டம் அதற்கடுத்த வாரம். பொருள் படிக்கப்பட்டது: நடைபாதையைக் குளியல்கூடத்தைச் சுற்றி வளைத்து அமைப்பது, கட்டடத்தின் கூரையைப் புதுப்பிப்பது. ஆண் உறுப்பினர் ஒருவர் எழுந்து, ஊர் முன்னேற வேண்டாமா என்று நீளமாகப் பேசினார். ஜன்னலுக்கு வெளியே இருமல் கேட்டது. இரண்டு தடவை. வசந்தா பேனாவைப் பார்த்தார். மறுபடியும் இரண்டு தடவை, இன்னும் பலமாக.

வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“தொண்டை கட்டியிருக்கு போல. பானையில தண்ணி இருக்கு, குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க. நான் வர நேரமாகும்.”

தலைவர்தான் முதலில் சிரித்தார். எட்டுப் பெண்களும் கை தூக்கினார்கள். ஆண்களில் மூன்று பேர் தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் உண்டா என்று தலைவர் கேட்டபோது பேசிய உறுப்பினர்கூடக் கையைக் கீழேயே வைத்திருந்தார். அவர் அம்மாவும் அங்கேதான் குளிக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

பாதை வளைந்தது

பங்குனியில் குளம் வற்றியதும் வேலை தொடங்கியது. கூரைச் சட்டங்களை மாற்றினோம். எருக்கை வெட்டித் தெற்கு வாசலைச் செங்கல் வைத்து மூடிவிடலாமா என்று பொறியாளர் கேட்டார். அஞ்சலையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், காற்று வரட்டும் என்றார் அவர். நடைபாதை குளியல்கூடத்துக்குப் பின்னால், பதினைந்து அடி தள்ளி வளைந்து போனது. அந்த இடத்தில் மட்டும் பெஞ்சு போடக் கூடாது என்று குறிப்பில் எழுதினேன்.

எனக்கு அந்த வருடம் பதவி உயர்வு வரவில்லை. ரகசியக் குறிப்பேட்டில் “பணிகளை உரிய காலத்தில் முடிக்கும் திறன் குறைவு” என்று ஷரா எழுதியிருந்தார்கள். முதல் நாள் வலித்தது. இரண்டாம் நாள் யோசித்துப் பார்த்தேன். அந்த வேலையை உரிய காலத்தில் முடித்திருந்தால் வாழ்நாள் முழுக்க வலித்திருக்கும். திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு பூம்புகார்ப் பக்கம் மாற்றல் வந்தது. கல்வெட்டில் என் பெயர் இல்லை. தலைவர் விழா மேடையில், ஊர்ப் பெண்களுக்காகப் பாதையையே வளைத்தோம் என்று பெருமையாகப் பேசினார் என்று கேள்விப்பட்டேன். பேசட்டும். அவரும் கொஞ்சம் வளைந்தவர்தான்.

பொறுப்பை ஒப்படைத்த மறுநாள் காலை, பஸ்ஸுக்கு முன்னால், ஒரு மாற்றுப் புடவையும் துண்டுமாகக் குளியல்கூடத்துக்குப் போனேன். அப்போது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. குளம் நிரம்பி, உள்ளே நான்காம் படிவரை கலங்கல் நிறத்தில் தண்ணீர் நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் மேடம் என்று சொல்லவில்லை. ஒருத்தி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். தலைவரின் அக்கா என் துண்டை வாங்கி மேடையில் வைத்தார்.

புதுத் தண்ணீர் சில்லென்று முழங்காலில் ஏறியது. எனக்கு நீச்சல் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். தண்ணீருக்குள் கழுத்தளவில் நின்றிருந்த அஞ்சலை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை மாதமும் என்னை வாங்க, போங்க என்றே பேசியவர்.

“ஏழாவது படி ஒடஞ்சிருக்கு. பாத்து எறங்கு” என்றார்.

காலால் தடவிப் பார்த்தேன். உடைந்துதான் இருந்தது. அதைத் தாண்டி எட்டாவது படியில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினேன்.